‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பழைய கோர்ட்டினாவைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்திலிருந்து 41 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதமும் பன்னிரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருடைய அப்பா 80களில் சிவப்பு ஃபோர்டு கோர்ட்டினா எக்ஸ்ஆர்6 ஒன்று வைத்திருந்தார். கடன் நெருக்கியதால் அதை விற்றார். அதே நிறத்தில் 1982ஆம் ஆண்டுக் கார் ஒன்று ஜோஹானஸ்பர்க் பக்கம் விலைக்கு வந்ததைப் பார்த்ததும் வாசகருக்கு மனம் நிற்கவில்லை. நேரில் போகாமல் வாட்ஸ்அப் வீடியோவிலேயே பார்த்துப் பேசி, 1,65,000 ரேண்டுக்கு வாங்கிவிட்டார். லாரியில் ஏற்றிவர இன்னொரு 7,200 ரேண்ட். மவுண்ட் எட்ஜ்கூம் கோவிலில் பூசை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்த நாளை ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

அதற்குப் பின் பதினொரு வாரம். முதல் வாரமே ஏற்றத்தில் இன்ஜின் கிணுகிணுத்தது, வெப்பமுள் மேலே போனது. ஐந்தாம் வாரம் பின் சக்கர வளைவில் பெயின்ட் வெடித்து, கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. சோதனை நிலையத்தில் ரோட்வர்த்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) எடுக்கப் போனபோது, இன்ஜினில் உள்ள எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எட்டாம் வாரம் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நடுரோட்டில் நின்றது. கேரேஜில் டைமிங் கியர் (இன்ஜினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் பற்சக்கரம்) பல் போய்விட்டது என்று சொல்லி 18,500 ரேண்டுக்கு மதிப்பீடு கொடுத்தார்கள். இப்போது 41,700 ரேண்ட் பில் நீட்டி, பணம் வரும்வரை கார் வராது, நாளொன்றுக்கு 200 ரேண்ட் நிறுத்தக் கட்டணமும் ஏறும் என்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, அதாவது உள்ளது உள்ளபடியே, என்ற சொல் இருக்கிறது. ஆகவே விற்றவரை ஒன்றும் செய்ய முடியாது என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்களாம். தனியாள் விற்றது, நுகர்வோர் சட்டமும் வராதாம். எண்ணைத் தேய்த்துவிட்டுச் சான்றிதழில் உள்ளபடி அடித்துக்கொடுக்க ஒருவர் தயாராக இருக்கிறாராம். கேரேஜ் பிரச்சினைக்கும் வழி கண்டிருக்கிறார்: மாற்றுச் சாவி கையில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்க் காரை இழுத்துவந்துவிடலாம்.

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் காரைத் திரும்ப வாசலில் நிறுத்த நினைத்தது எனக்குப் புரிகிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கதவு மூடிவிட்டது என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் அது திறந்திருக்கிறது. எளிய வழி என்று நினைக்கும் இரண்டு இடத்திலும் பள்ளம் இருக்கிறது. பள்ளங்களை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அவற்றுக்கு நாள் நெருங்கிவிட்டது.

இந்த வாரம் செய்யக் கூடாத இரண்டு

இன்ஜின் எண்ணை யாரும் தொடக் கூடாது. தேய்ப்பதும் மாற்றி அடிப்பதும் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி குற்றம். அப்படித் திருத்தப்பட்ட வண்டியைத் தக்க காரணமின்றி வைத்திருப்பதும் குற்றம்தான். இன்றைக்கு உங்கள் நிலை நல்ல நிலை: ஏமாந்து வாங்கினீர்கள், சோதனை நிலையம் சொன்னதும் தெரிந்துகொண்டீர்கள். எண்ணில் ஒரு கீறல் விழுந்த மறுநிமிடம் ஏமாந்தவர் என்ற இடத்திலிருந்து குற்றம் செய்தவர் என்ற இடத்துக்கு மாறிவிடுவீர்கள். விற்றவர் மீதான வழக்கும் அத்தோடு போய்விடும், ஏனென்றால் அந்த எண்தான் உங்கள் சாட்சி.

எண் ஒத்துப்போகவில்லை என்றாலே திருட்டு இன்ஜின் என்று பதறவும் வேண்டாம். இந்தக் காரில் இருக்கும் 3.0 லிட்டர் எஸ்ஸெக்ஸ் வி6 நம் நாட்டில் போர்ட் எலிசபெத்தில் செய்யப்பட்டு, கோர்ட்டினா, கிரனாடா, சியரா என்று பல வண்டிகளில் வந்தது, பேக்கி என்னும் சிறு சரக்கு வண்டியில்கூட இருந்தது. நாற்பது வருடத்தில் ஒரு இன்ஜின் பிளாக் வெடித்தால் இன்னொன்றைத் தூக்கிப் போடுவது சாதாரணமாக நடந்தது. போட்டவர்கள் பதிவேட்டில் மாற்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் அது உண்மையா என்பதைப் போலீஸ்தான் சொல்ல வேண்டும், நாம் ஊகிக்கக் கூடாது.

இரண்டாவது, மாற்றுச் சாவி. பில் நியாயமோ அநியாயமோ, கார் இன்று கேரேஜ்காரர் கையில் இருக்கிறது. வேலை செய்துகொடுத்தவருக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை நம் சட்டத்தில் உண்டு. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துவந்தால், அவர் நீதிமன்றம் போய், பறித்த உடைமையைத் திருப்பி ஒப்படைக்க உத்தரவு வாங்கிவிடுவார். அந்த விசாரணையில் கார் யாருடையது, பில் சரியா என்ற கேள்வியே எழாது. யார் கையில் இருந்தது, யார் பறித்தது என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். செலவு உங்கள் தலையில் விழும்.

ஃபுட்ஸ்டூட்ஸ் எதை மூடும், எதை மூடாது

அந்தச் சொல் விற்பவரை மறைந்த குறைகளிலிருந்து காக்கும். அவருக்கே தெரியாத குறைகளிலிருந்து. குறை இருப்பது தெரிந்தும், வாங்குபவரை ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வான் டெர் மெர்வ எதிர் மீட்ஸ் வழக்கில் வைத்த அளவுகோல் இதுதான்: தெரிந்திருந்தது, வேண்டுமென்றே மறைத்தார் என்ற இரண்டையும் வாங்கியவர் நிரூபிக்க வேண்டும்.

அடுத்தவர் மனத்தில் இருந்ததை எப்படி நிரூபிப்பது? பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் விழும். உங்கள் வழக்கு விழாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய ஏழாவது படம். விளம்பரத்தில் அவர் எழுதியது: ‘வெறும் தகடு வரை சுரண்டி, முழுவதும் புதுப்பித்தது, இன்ஜினும் பாடியும் ஒரே எண்.’ வாட்ஸ்அப்பிலும் ‘நானே நின்று செய்தேன்’ என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

இப்போது பெயர்ந்து விழுந்த சில்லைப் பாருங்கள். உங்கள் படத்தில் அடுக்கு அடுக்காகத் தெரிகிறது: மேலே சிவப்பு, அதன்கீழ் சாம்பல் பிரைமர், அதன்கீழ் விரல் தடிமனுக்கு ரோஸ் நிற ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் பசை), அதற்கும் பின்னால் மஞ்சள் நுரை. தகடு எங்கேயும் இல்லை. துரு தின்ற ஓட்டைக்குள் நுரையை அடைத்து மேலே ஃபில்லர் பூசியிருக்கிறார்கள். காரை வெறும் தகடு வரை சுரண்டியவர் அந்த ஓட்டையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆக, சுரண்டியது உண்மையென்றால் ஓட்டை தெரிந்துதான் மூடினார். சுரண்டவே இல்லை என்றால் விளம்பரம் பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் சொன்ன சொல்லே அவரைப் பிடிக்கும்.

இதில் இன்னொரு பலமும் இருக்கிறது. பொருளின் தன்மை பற்றி விற்பவர் திட்டவட்டமாக ஒன்றைச் சொல்லி, அதை நம்பி வாங்கி, அது பொய்யென்று ஆனால் வாங்கியவருக்குத் தனியாக ஒரு நிவாரணம் உண்டு. 1973இல் ஃபேம் எதிர் பைசஸ் வழக்கு அதை உறுதிப்படுத்தியது. ‘நல்ல வண்டி, ராசா மாதிரி ஓடும்’ என்பது வியாபாரப் பேச்சு, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘ஒரே எண்’ என்பது அப்படியல்ல. சரிபார்க்கக் கூடிய ஒரு விவரம். பழைய கார் உலகில் விலையையே தூக்கும் விவரமும் அதுதான்.

ஆகவே அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். போனை மாற்றுவதற்கு முன் முழு வாட்ஸ்அப் உரையாடலையும் ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டுக்கொள்ளுங்கள். விளம்பரப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். மின்னணுச் செய்திகளைச் சாட்சியமாக ஏற்க 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

தனியாள் விற்றதா, வியாபாரி விற்றதா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தனியாள் விற்பனைக்கு வராது என்று நண்பர்கள் சொன்னது சரி. ஆனால் உங்கள் விற்பனையாளர் தனியாளா என்பதுதான் கேள்வி. அவரைப் பாராட்டும் வரியாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘இது நாலாவது கோர்ட்டினா, போன வருஷம் மட்டும் மூணு வித்தேன் என்றார், அதனால் விஷயம் தெரிந்தவர் என்று நம்பினேன்.’ தம்பி, அந்த ஒரு வரி ஆயிரக்கணக்கான ரேண்ட் பெறும். கடை, பலகை, ஷோரூம் இருந்தால்தான் வியாபாரி என்று சட்டம் சொல்லவில்லை. தொடர்ந்து வாங்கிப் புதுப்பித்து விற்றுப் பணம் பண்ணுகிறவர் தன் வழக்கமான தொழிலில் விற்றார் என்று வாதாடலாம்.

அந்த வாதம் ஏற்கப்பட்டால் களமே மாறும். 55, 56ஆம் பிரிவுகளின்படி, கார் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து, பழுதுநீக்கம், மாற்று, பணம் மூன்றில் எது வேண்டும் என்பதை நீங்களே தேர்வு செய்யலாம். குறிப்பிட்ட குறையை வெளிப்படையாகச் சொல்லி, நீங்கள் அதை ஏற்று வாங்கியிருந்தால்தான் அவர் தப்பலாம்; வெறுமனே ஃபுட்ஸ்டூட்ஸ் என்று எழுதியது அங்கே நிற்காது. பதினொரு வாரம் போய்விட்டது, ஏறக்குறைய பதினைந்து வாரம் மீதி. அவருடைய மற்ற விற்பனைகளின் விளம்பரங்கள் இன்னும் கிடக்கின்றனவா என்று இன்றே தேடிப் படமெடுத்து வையுங்கள்.

இந்த வாதம் தோற்றாலும் மேலே சொன்ன மோசடி வாதம் அப்படியே நிற்கும். கடிதத்தில் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எது குறை, எது வெறும் ஊர் மாற்றம்

நீங்கள் எழுதிய பட்டியலில் பதினாறு குறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் போட்டால் கடிதம் கனமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் சந்தேகமாக்கிவிடுவார். ஆகவே கழித்துவிடுவோம்.

கிணுகிணுப்பும் சூடும்: இதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்தக் காற்றுக்குத் தகுந்தபடி கார்பரேட்டரில் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டு, இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) முன்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். அப்படியே டர்பனுக்கு இறக்கினால், கடலோரத்தின் கனமான காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் கலவை வறண்டுபோகும். இன்ஜின் தட்டும், சூடேறும். இங்கே ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து, 95 பெட்ரோல் ஊற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஊர் மாறியதால் வந்தது. விற்றவர் மறைத்த குறை அல்ல.

டைமிங் கியர்: இதுவும் சந்தேகம்தான். எஸ்ஸெக்ஸ் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் கியரின் பல் ஃபைபரால் ஆனது. வயதாகி, சூடு ஏறி இறங்கி, ஒருநாள் பல் மொத்தமாக உதிரும். இந்த இன்ஜினின் ஊரறிந்த பலவீனம் அது. உதிரப்போகிறது என்று விற்றவருக்குத் தெரியும் என நிரூபிப்பது கடினம். ‘இன்ஜின் முழுவதும் பிரித்துப் புதிதாகச் செய்தது, எல்லாம் புதுசு’ என்று அவர் எழுதித் தந்திருந்தால் மட்டும் சேர்க்கலாம். அப்படி ஒன்றும் உங்கள் படங்களில் இல்லை. வைப்பர், கடிகாரம், கதவுக் கண்ணாடி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

மிஞ்சுவது இரண்டு: துருவும் எண்ணும். இரண்டும் கனமானவை. துரு அழகு சார்ந்த விஷயம் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது; பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் நடுப்பகுதியைத் தாங்குகிறது. பின் சக்கர வளைவு அந்தச் சில் பெட்டியின் பின்முனையோடு சேர்கிறது. வளைவில் நுரை இருந்தால் சில் பெட்டிக்குள்ளும் இருக்கும் என்று நினைத்துத்தான் பார்க்க வேண்டும். ஜாக்கி வைக்கும் இடத்தில் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினாலோ, கதவு இடித்தாலோ சில் பெட்டியில் வலு இல்லை என்று அர்த்தம். ரோட்வர்த்தி சோதனையிலும் தாங்கு பகுதியின் துரு தோற்கடிக்கும்.

இதைத் தனிப்பட்ட, உங்களுக்கு வேண்டியவராக இல்லாத ஒரு வாகனப் பரிசோதகரைக் கொண்டு எழுத்தில் வாங்குங்கள். பெயின்ட் தடிமன் அளவி ஒன்றால் ஒவ்வொரு தகட்டிலும் ஐந்தாறு இடம் அளக்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயின்ட் என்றால் 100 முதல் 150 மைக்ரான் வரும்; மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் 200, 300; 1,000 தாண்டினால் அது ஃபில்லர்; காந்தம்கூட ஒட்டாது. கார்ப்பெட்டைத் தூக்கித் தரை, பூட் விளிம்பு, கதவின் அடி, இரண்டு சில் பெட்டி, நான்கு ஜாக்கி இடம் எல்லாம் படத்தோடு வர வேண்டும். முக்கியமாக ஒரு வாக்கியம் வேண்டும்: இந்தத் துரு பதினொரு வாரத்தில் வந்திருக்க முடியுமா, எத்தனை காலம் பழையது? டர்பன் உப்புக்காற்றில் துருப்பிடித்தது என்று அவர் நிச்சயம் சொல்வார். ஃபில்லருக்குப் பின்னால் இருக்கும் துரு ஃபில்லருக்கு முந்தியது. அதைப் பரிசோதகர் வாயால் வரவழைத்துவிடுங்கள்.

எண்ணுக்கு வழி

கேரேஜிலிருந்து கார் வெளிவந்ததும், ஓட்டாமல் லாரியில் ஏற்றி, போலீஸின் வாகன அடையாளப் பிரிவுக்கு நீங்களே கொண்டுபோங்கள். அடையாள அட்டை, விற்றவர் பெயரில் உள்ள பதிவுச் சான்றிதழ், ஒப்பந்தம், வங்கிச் சீட்டு, சோதனை நிலையம் மறுத்த தாள், வாங்கிய கதையைச் சொல்லும் உங்கள் பிரமாணப் பத்திரம் எல்லாம் கையில் இருக்கட்டும். அதற்கு முன்பே விற்றவருக்கு எழுதி, இன்ஜின் எங்கே வாங்கியது, ரசீது எங்கே என்று ஏழு நாள் கெடு வைத்துக் கேளுங்கள்.

இன்ஜின் சுத்தமானது என்று வந்தால் போலீஸ் அனுமதியோடு ஈ-நாட்டிஸ் என்னும் தேசிய வாகனப் பதிவேட்டில் எண்ணை மாற்றிவிடலாம். திருட்டு என்று வந்தால் பறிமுதல் செய்வார்கள். அந்த ஆபத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்படி நடந்தால் விற்றவரின் நிலை இன்னும் மோசம்: விற்ற பொருளை வேறொருவர் உரிமை கோரிப் பறிக்காதபடி காப்பது விற்றவரின் கடமை, அதற்கு ஃபுட்ஸ்டூட்ஸ் கவசம் ஆகாது. பறிமுதல் பேச்சு எழுந்த அன்றே அவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

பதிவு உங்கள் பெயருக்கு மாறாததால் கார் இன்னும் அவருடையதுதான் என்று நினைக்கிறீர்கள். அப்படியல்ல. பணம் கொடுத்து, அவர் ஒப்படைத்து, நீங்கள் ஏற்றுக்கொண்ட அன்றே அது உங்களுடையது. பெயர் மாற்ற 21 நாள்தான் அவகாசம், அது கடந்துவிட்டது, அபராதம் வரலாம். சோதனை நிலையத்தின் மறுப்புத் தாள் தாமதத்துக்கு விளக்கம் ஆகும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எண் விஷயத்தை இன்றே எழுதிவிடுங்கள்.

கேரேஜ் பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

அவர்களும் முழுக்கத் தவறு செய்யவில்லை. ஃபைபர் பல் உதிர்ந்தால் துகள்கள் சம்பில் (இன்ஜினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில்) விழுந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். சம்பை இறக்கிக் கழுவாமல் புதுக் கியரை மட்டும் மாட்டினால் எண்ணெய் ஏறாமல் பேரிங்குகள் போய்விடும். ஆகவே சம்ப் வேலை, கேஸ்கெட், ஆயில் பம்பை ஓட்டும் அறுகோணத் தண்டைச் சோதித்தது எல்லாம் தேவையானவை. ஆனால் பில்லில் கிளட்ச் செட், கார்பரேட்டர் ஓவர்ஹால், ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) இறக்கிக் கடினமான வால்வ் சீட் போட்டது எல்லாம் இருக்கின்றன. ஈயப் பெட்ரோல் 2006இல் நின்ற பிறகு இந்த மாதிரி வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு வால்வ் சீட் நல்லதுதான். உங்களைக் கேட்காமல் செய்ததுதான் பிழை.

நுகர்வோர் சட்டத்தின் 15ஆம் பிரிவு இங்கே உங்களுக்கு நேராக உதவும். மதிப்பீடு கொடுத்து, நீங்கள் சம்மதித்த வேலைக்குத்தான் பணம் கேட்கலாம். மதிப்பீட்டைத் தாண்ட வேண்டுமானால் முதலில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட ஜாப் கார்டை, அதாவது வேலைக்குச் சம்மதித்த தாளை, தேடி எடுங்கள். இவ்வளவு வரை செய்யலாம் என்று உச்சவரம்பு எதற்காவது ஒப்புக்கொண்டீர்களா, நிறுத்தக் கட்டணம் பற்றிப் பொடி எழுத்தில் ஏதாவது உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் 200 ரேண்ட் கணக்கு நிற்காது.

கேட்க வேண்டிய இன்னொன்று: கழற்றிய பழைய பாகங்கள். 67ஆம் பிரிவின்படி அவற்றைத் தனியே வைத்து உங்களிடம் திருப்பித் தர வேண்டும். பல் உதிர்ந்த கியர், பழைய கிளட்ச் தட்டு இரண்டும் கைக்கு வந்தால் எது தேவை, எது தேவையில்லை என்பது தெரிந்துவிடும். மாட்டிய புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் 57ஆம் பிரிவின்படி குறைந்தது மூன்று மாத உத்தரவாதமும் உண்டு.

நான் சொல்லும் வழி: 18,500 ரேண்டோடு, சம்ப் வேலைக்கு நியாயமான தொகையையும் சேர்த்துக் கட்ட எழுத்தில் முன்வாருங்கள். மீதியை வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில் (பிறர் பணத்தைப் பாதுகாத்து வைக்கும் கணக்கில்) ஈடாக வைத்துக் காரை விடுவிக்கக் கேளுங்கள். மறுத்தால் வாகனத் தொழில் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. அவசரமென்றால் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதி முழுப் பணத்தையும் கட்டிக் காரை எடுத்துவிட்டு, சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றம் போகலாம். அங்கே வரம்பு 20,000 ரேண்ட். வித்தியாசம் 23,200 என்பதால் 3,200ஐ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். வழக்கறிஞர் வேண்டாம், வரவும் கூடாது. தீர்ப்பின் மீது மேல்முறையீடு கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொண்டு விலையைக் குறைப்பதா?

இரண்டு வழியும் உங்களுக்கு உண்டு. திருப்பிக் கொடுத்தால் விலை, வட்டி, ஏற்றிவந்த செலவு எல்லாம் கேட்கலாம். வைத்துக்கொண்டால், கொடுத்த விலைக்கும் அந்தக் காரின் உண்மையான மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கலாம். பழுதுபார்க்கும் செலவு முழுவதும் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். அது வித்தியாசத்தை அளக்க உதவும், அவ்வளவுதான்.

மனம் வைத்துக்கொள்ளச் சொல்கிறது என்கிறீர்கள். இரண்டு பக்கமும் உள் சில், வெளிச் சில், வளைவு, தரை என்று வெட்டி ஒட்டுவது சின்ன வேலை அல்ல. வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே குழாய் வைத்து வெல்டு செய்து தாங்காவிட்டால் பாடி வளைந்து கதவே பொருந்தாது. எண் பிரச்சினை தீராத காரில் அந்தப் பணத்தைப் போடுவது சரியல்ல. திருப்பிக் கொடுங்கள் என்பது என் கருத்து. அதற்கு நிபந்தனை ஒன்று உண்டு: குறை தெரிந்த பிறகு உங்களுடையதாகவே பாவித்து ஓட்டினாலோ மாற்றி அமைத்தாலோ அந்த உரிமை நழுவும். இன்ஜின் சிலிண்டர்களைக் குடைந்து ஒரு சுற்றுப் பெரிதாக்கும் எண்ணத்தை நிறுத்துங்கள். மே மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ‘கார்ஸ் இன் த பார்க்’ பழைய கார் கண்காட்சிக்கும் இந்த வருடம் இதைக் கொண்டுபோக வேண்டாம்.

தொகை 2,00,000 ரேண்டுக்குள் இருப்பதால் மாவட்ட மஜிஸ்திரேட் நீதிமன்றம் போதும். ஆனால் பெரும்பாலும் விற்றவர் வசிக்கும் பகுதியில்தான் தொடுக்க வேண்டியிருக்கும். பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டு. அதை நம்பிப் படுத்துவிடாதீர்கள், ஆறு மாதக் கணக்கை வைத்தே ஓடுங்கள்.

ஒரு விஷயம் மெதுவாகச் சொல்கிறேன். மனைவியிடம் 1,20,000 என்றுதான் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதவில்லை என்றால் உங்கள் சொத்து கூட்டுச் சொத்து. 1984ஆம் ஆண்டின் திருமணச் சொத்துச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, இதுபோன்ற வழக்குத் தொடுக்க அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். உண்மைத் தொகை உள்ள தாளில்தான் அவர் கையெழுத்துப் போடுவார். நீதிமன்றத் தாளில் பார்ப்பதற்கு முன், உங்கள் வாயால் கேட்கட்டும். அவரும் உழைத்த பணம்.

இந்த வாரத்துக்கான வேலை இவ்வளவு: இன்று உரையாடலையும் விளம்பரத்தையும் சேமியுங்கள். நாளைக் காலை கேரேஜுக்கு, பழைய பாகங்களைக் கேட்டும் பில்லை மறுத்தும் கடிதம். வெள்ளிக்குள் பரிசோதகருக்கு நாள் குறியுங்கள். அவர் அறிக்கை வந்ததும், காரைத் திருப்பி ஒப்படைக்கத் தயார் என்று சொல்லி, பத்து வேலைநாள் கெடுவோடு விற்றவருக்குக் கோரிக்கைக் கடிதம் போகட்டும். பெயர்ந்த சில்லைப் பசை வைத்து ஒட்டிவிட்டதாக ஒரு படத்தின்கீழ் எழுதியிருந்தீர்கள். பரிசோதகர் வரும்போது அவர் கண்முன்னே அதை எடுக்கச் சொல்லி, உறையில் போட்டு, தேதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.